சுத்தியல் தட்டாத நேரம்

அன்புள்ள ஐயா,

ஓவியச் சந்தை பற்றிய கட்டுரையில் சோத்பீஸ் ஏல நிறுவனத்தின் பீட்டர் வில்சனைக் 'கலைஞர்' என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டுகிறவர் எப்படிக் கலைஞர் ஆவார்? வரைந்தவனுக்கு அதில் காலணாவாவது போயிருக்குமா?

எம்.

அன்புள்ள எம்.,

போகவில்லை. 1958 அக்டோபர் 15 இரவு லண்டனில் வில்சன் ஏலம் விட்ட ஏழு ஓவியங்களும் மானே, செசான், ரெனுவார், வான் கோ வரைந்தவை. நால்வரும் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த வங்கியாளர் யாகோப் கோல்ட்ஷ்மிட்டின் சேகரிப்பு அது. பணம் அவர் குடும்பத்துக்குப் போயிற்று.

ஆனால் அந்த இரவைக் கொஞ்சம் பாருங்கள். அதுவரை ஏல அறை பெரும்பாலும் வியாபாரிகளின் இடம். பகலில் வந்து சரக்கை எடுத்துப் போய்த் தங்கள் கடையில் விலையேற்றி விற்பார்கள். வில்சன் அதை இரவுக்கு மாற்றி, விருந்துக்கு வருவதுபோல உடுத்திக்கொண்டு வரச் சொன்னார். சுமார் 1400 பேர் வந்தார்கள். எழுத்தாளர் சாமர்செட் மாம், நடிகர் கிர்க் டக்ளஸ், பாலே நடனக்காரர் மார்கோ ஃபோன்டெய்ன் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

செசான் வரைந்த, சிவப்பு வெயிஸ்ட்கோட் போட்ட பையனின் படம் மேடைக்கு வந்தது. இருவர் மாறி மாறிக் கேட்டார்கள். 2,20,000 பவுண்டில் வந்து நின்றது. அன்றைக்கு அது தலைசுற்ற வைக்கும் தொகை. அறையில் சத்தமே இல்லை. வில்சன் சுத்தியலைத் தட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து, என்ன, இதற்குமேல் கேட்க யாருமே இல்லையா என்று ஆச்சரியப்பட்டார். ஏதோ அடிமாட்டு விலைக்குப் போகிற மாதிரி! நான் கலைஞர் என்று எழுதியது இந்த ஒரு கேள்விக்காக. அதன் பிறகும் யாரும் கேட்கவில்லை. ஒரு வியாபாரி மூலம் அமெரிக்கச் செல்வந்தர் பால் மெலன் எடுத்தார். படம் இப்போது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. ஏழு படத்துக்கும் ஆன நேரம் 21 நிமிடம், விற்ற தொகை 7,81,000 பவுண்டு.

1936இல் சோத்பீஸின் மரச்சாமான் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர் வில்சன். போர்க்காலத்தில் உளவுத்துறையில் இருந்தார். முகபாவத்தைக் காட்டிக்கொள்ளாத பழக்கம் அங்கே வந்ததோ என்னவோ. 1964இல் நியூயார்க்கின் பார்க்-பெர்னெட் ஏல நிறுவனத்தையும் வாங்கிப்போட்டார்.

சரி, உங்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. 1975இலிருந்து லண்டன் சோத்பீஸில் விற்பவரிடம் வாங்கும் கமிஷன் போக, வாங்குபவரிடமும் 10 சதவீதம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். வீட்டுத் தரகர் இரண்டு பக்கமும் கைநீட்டுகிற அதே கதை. அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. 1974 முதல் பிரிட்டிஷ் ரயில்வே ஓய்வூதிய நிதி சுமார் 4 கோடி பவுண்டைக் கலைப்பொருட்களில் போட்டது. எதை வாங்கலாம் என்று ஆலோசனை சொன்னது சோத்பீஸ். அந்தச் சந்தையில் விற்பதும் அவர்களே. நல்லவேளை, 1989இல் அந்த நிதியின் ரெனுவார் பாணி இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்கள் பெரிய லாபத்துக்குப் போயின. ஏலம் விட்டதும் சோத்பீஸ்தான். வில்சன் இறந்து அப்போது ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகியிருந்தது.