செலவைவிட அதிகம் வசூலித்த சின்னப் படம் எப்படி நஷ்டமாகும்?

பட்ஜெட் 2 கோடி, வசூல் 3 கோடி, அப்புறம் ஏன் தோல்வி என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 3 கோடி தயாரிப்பாளர் கைக்கு வந்த பணம் அல்ல, டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. அதில் முதலில் வரி போகும். மீதியில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. அப்புறம் விநியோகஸ்தர் கமிஷன், விளம்பரச் செலவு. பட்ஜெட் என்று வெளியில் சொல்லும் கணக்கில் விளம்பரச் செலவு பெரும்பாலும் சேராது. சின்னப் படத்துக்கு அதுவே படமெடுத்த செலவை எட்டிவிடுவதும் உண்டு. கழித்துப் பாருங்கள், 1 கோடி மிஞ்சினாலே பெரிது.

அதனால் மொத்த வசூலை விட்டுவிட்டு, ஒரு திரைக்கு எவ்வளவு வந்தது என்று பாருங்கள். 2016-இல் ‘மூன்லைட்’ அமெரிக்காவில் வெறும் 4 தியேட்டர்களில் வெளியானது. முதல் வாரக் கடைசியில் சுமார் 4 லட்சம் டாலர், அதாவது திரைக்கு ஒரு லட்சம். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் திரைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். உலக வசூல் கடைசியில் 6.5 கோடி டாலரைத் தாண்டியது. ஆஸ்கரும் கைகொடுத்தது.

நட்சத்திரம் இல்லாத படத்துக்கு வாய்வழிப் பேச்சுதான் விளம்பரம். அது பரவ இரண்டு வாரமாவது வேண்டும். ஆனால் முதல் திங்கட்கிழமை கூட்டம் குறைந்தாலே காட்சியைக் காலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? நல்ல படங்கள் பல இப்படித்தான் அடிபடுகின்றன. ஓடிடி, தொலைக்காட்சி உரிமை விற்றால் நஷ்டம் ஈடாகலாம், அந்தப் பணம் பாக்ஸ் ஆபீஸ் கணக்கில் வராது.