'லவ் அண்ட் டெத்': பகடிக்குள் இருக்கும் ரஷ்யா

உடி ஆலன் எழுதி இயக்கி, போரிஸாக நடித்த, நெப்போலியன் காலத்து ரஷ்யாவில் நடக்கும் 1975ஆம் ஆண்டுப் பகடிப் படம். 85 நிமிடம். அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கே: டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைப் படிக்காமல் பார்த்தால் புரியுமா?

ப: கதை புரியும், பாதிச் சிரிப்பு போய்விடும். அதற்காக டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பை முழுக்க முடித்துவிட்டு வர வேண்டியதில்லை. இரண்டு இடங்கள் போதும்: மாஸ்கோவில் நெப்போலியனைக் கொல்ல நினைக்கும் பியர், ஆஸ்டர்லிட்ஸில் அடிபட்டு மல்லாந்து வானத்தைப் பார்க்கும் ஆந்த்ரேய். பியரின் திட்டத்தைத்தான் போரிஸும் சோன்யாவும் (டயேன் கீட்டன்) கையில் எடுக்கிறார்கள். போர்க்களத்தில் ஆந்த்ரேய்க்குக் கிடைப்பது ஞானம். போரிஸோ பீரங்கிக் குழாய்க்குள் ஒளிந்து, குண்டோடு குண்டாகப் பறந்து, பிரெஞ்சுத் தளபதிகளின் கூடாரத்தில் விழுந்து வீரனாகிறான்.

கே: சிறையில் போரிஸும் அவன் அப்பாவும் பேசும் காட்சியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எனக்கு ஊர்வம்பு மாதிரிதான் இருந்தது.

ப: ஊர்வம்பேதான். பக்கத்து வீட்டு ராஸ்கோல்னிகோவ் (தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாயகன்) இரண்டு பெண்களைக் கொன்றுவிட்டானாம் என்று ஆரம்பிக்கும். பிறகு வரிக்கு வரி தஸ்தயேவ்ஸ்கியின் தலைப்புகள்: கரமசோவ், இடியட், கேம்ப்ளர், டபுள். 'இடியட்' நாவலைத் தமிழில் 'அசடன்' என்று படித்தவர் காதில் 'இடியட்' வெறும் திட்டாகவே விழும். ஆங்கிலத் தலைப்புகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்சியை இன்னொரு முறை ஓடவிடுங்கள். இருவரும் சாதாரண விசாரிப்பாகவே பேசுகிறார்கள். தலைப்பு வரும் இடத்தில் குரலை அழுத்தியிருந்தால் வினாடி வினா ஆகியிருக்கும்.

கே: கல் சிங்கங்கள் எதற்கு?

ப: சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' (1925) படத்தின் பகடி. அதில் மூன்று சிலைகளின் காட்சிகளை அடுத்தடுத்து ஒட்டிக் காட்டியதில் படுத்திருந்த சிங்கம் எழுந்து நிற்கும். இங்கே காதல் இரவு முடிந்ததும் சிங்கம் களைத்துப் படுக்கிறது. வரிசையைத் திருப்பியதுதான் நகைச்சுவை.

கே: இசை?

ப: ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் இசை. முதலில் இன்னொரு ரஷ்யரான ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கனத்தில் சிரிப்பு அமுங்கிவிட்டது. அடிக்கடி கேட்கும் துள்ளல் மெட்டு 'லெஃப்டினன்ட் கிஜே'யின் 'த்ரோய்கா'. அதுவும் ஒரு கேலிப்படத்துக்கு எழுதியதுதான்: எழுத்தரின் பிழையால் 'பிறந்த', இல்லவே இல்லாத அதிகாரியின் கதை.

கே: குறை?

ப: நெப்போலியனைக் கொல்லப் போகும் பகுதி. போலி நெப்போலியன் நுழைந்ததும் பகடி குறைந்து வெறும் ஆள்மாறாட்டம் மிஞ்சுகிறது.

கே: தேவதை மன்னிப்பு வரும் என்று சொல்லியும் போரிஸ் சுடப்படுகிறானே?

ப: 1849 டிசம்பர் 22 அன்று (பழைய நாட்காட்டி) பீட்டர்ஸ்பர்க் செம்யோனோவ் சதுக்கத்தில் தஸ்தயேவ்ஸ்கியும் தோழர்களும் சுடப்படுவதற்காக நிறுத்தப்பட்டார்கள். கடைசி நொடியில் ஜாரின் தண்டனைக் குறைப்பு வாசிக்கப்பட்டது. அதே நம்பிக்கையில் போரிஸ் நிம்மதியாகப் போய் நிற்கிறான், ஆணை வரவில்லை. பிறகு வெள்ளைத் துணி போர்த்திய மரணத்தோடு ஆடிக்கொண்டே போகிறான். ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் 'ஏழாவது முத்திரை' படத்தில் ஆளாகக் காட்டிய மரணம் கறுப்பு அங்கி அணிந்தது. இங்கே ஆட்டத்துக்கு மெட்டு, மறுபடியும் 'த்ரோய்கா'.