வெட்டியெடுத்த தழும்பிலிருந்து ரத்தக்குழாய் செல்களை வளர்க்க முடியுமா?

காது மடலில் வளர்ந்த கீலாய்டு தழும்பை (காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளரும் தழும்பு) அறுவை செய்து எடுக்கும்போது, அதை ஆராய்ச்சிக்குத் தர அம்மாவிடம் ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். அதில் ரத்தக்குழாய் செல் வளர்ப்பதாகச் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில் நான் பார்ப்பதே அந்த வேலைதான். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து எங்களுக்கு வருபவை பெரும்பாலும் காது குத்திய இடத்துத் தழும்புகள்.

ஐஸ் பெட்டியில் வரும் துண்டை டிஸ்பேஸ் என்ற நொதியில் இரவு முழுக்கக் குளிரில் ஊறவைத்தால் மேல்தோல் உரிந்து வந்துவிடும். மிச்சத்தைப் பொடியாக நறுக்கி, தோலுக்கு உறுதி தரும் நார்ப்புரதமான கொலாஜனைக் கரைக்கும் கொலாஜினேஸ் என்ற நொதியில் போடுவோம். சாதாரணத் தோல் போல அது லேசில் மசியாது. கொலாஜன் அவ்வளவு நெருக்கம்.

சிரமம் அப்புறம்தான். பிரிந்து வரும் செல்களில் பெரும்பாலானவை ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது கொலாஜனைச் சுரக்கும் செல்கள். விட்டால், நட்ட பயிர் பச்சை பிடிப்பதற்குள் கோரை மண்டுவது போல தட்டு முழுக்கப் பரவிவிடும். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களின் மேல் சிடி31 என்ற புரதம் உண்டு. அதைப் பிடிக்கும் நுண்ணிய காந்த மணிகளைக் கலந்து, சோதனைக்குழாயைக் காந்தத்தோடு ஒட்டி வைத்தால் நமக்கு வேண்டியவை சுவரில் நின்றுவிடும். மற்றதை உறிஞ்சி எடுத்துவிடலாம். ஒரு தடவை போதாது என்பது என் கருத்து. நாலைந்து ஃபைப்ரோபிளாஸ்ட் தப்பினாலும் அடுத்த வாரமே நீண்ட கூர்முனைச் செல்கள் தலைகாட்டும். நல்ல வளர்ப்பில் செல்கள் பலகோணமாக, இடைவெளியில்லாமல் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். மேட்ரிஜெல் என்ற புரதக் கூழின் மேல் விட்டால் சில மணி நேரத்திலேயே குழாய் வலை போலக் கோத்துக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

தொப்புள்கொடியிலிருந்து இதே வகைச் செல்களை வளர்க்கும் முறை 1973-லேயே வந்துவிட்டது, அது சுலபமும்கூட. ஆனால் அவை குழந்தையின் பெரிய நாளத்துச் செல்கள். தழும்பைச் சிவப்பாக வைத்திருப்பவை நுண்குழாய்கள். தழும்பின் சிவப்பைக் குறைக்கத் தரும் 595 நானோமீட்டர் லேசர் குறிவைப்பதும் அவற்றைத்தான். தழும்புக்கான மருந்தைச் சோதிக்கத் தழும்பின் செல்லே வேண்டும்.

அம்மாவின் தழும்பு இன்னும் சிவந்து, அரிப்போடு இருந்தால் ஆய்வகத்துக்கு மிகவும் பயன்படும். பழசாகி வெளுத்த தழும்பில் ரத்தக்குழாய்கள் குறைந்துபோயிருக்கும். ஒப்புதல் தராவிட்டாலும் அறுவை சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.