மவுண்டை அளந்தீர்களா?

நெடுந்தூர இலக்குத் துவக்குகளின் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைத் துவக்கில் தாங்கும் மவுண்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்லும் வேலை என் தலையில். நான் கல்லடிக்காரன். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் சனி ஞாயிறுகளைப் பிஸ்லி சுடுகளத்தின் ஸ்ரிக்கிள்டவுன் மேட்டில் குப்புறக் கிடந்து கழித்தவன். இப்போது கையில் துவக்கு இல்லை. ஒரு பழைய ஸ்கோப்பும் ஒரு வேர்னியர் கலிப்பரும் அலுமாரியில் கிடக்கின்றன. எல்லாருக்கும் ஒரே அளவில் எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (டொரொன்டோ): அண்ணே, கிளப்பில் ஒரு கிழவரிடம் பழைய .308 (சன்னத்தின் அங்குல விட்டம்) துவக்கு ஒன்று வாங்கினேன். மேலே உனெர்ட்ல் கம்பனி ஸ்கோப். 100 யாரில் (ஒரு யார் மூன்று அடி) சன்னமெல்லாம் ஒரே இடத்தில் விழுது. 1000 யாருக்கு அட்டவணைப்படி 36 மினிட் (ஒரு மினிட் பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அதாவது திருகில் 144 கிளிக் ஏற்றினேன். காகிதத்தில் ஒன்றுமில்லை, இலக்குக்கு முன்னால் மண்தான் கிளம்புது. ஸ்கோப் பழுதா? புதுசு வாங்கவா?

பதில்: காசைப் பையிலேயே வையுங்கள் தம்பி. அந்த ஸ்கோப்பின் குழாய்க்குள்ளே ஏற்றி இறக்கும் திருகு எதுவும் இல்லை. பின் மவுண்டில் இருக்கிற இரண்டு திருகும் குழாயையே முழுசாகத் தள்ளும். ஒரு கிளிக்குக்கு அது தள்ளுவது ஓர் அங்குலத்தில் 2000இல் ஒரு பங்கு. அந்தத் தள்ளல் எவ்வளவு சாய்வாக மாறும் என்பது முன் மவுண்டுக்கும் பின் மவுண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. ஒரு செங்கல்லைக் குட்டைப் பலகையின் நுனிக்குக் கீழே வைத்துப் பாருங்கள், பலகை நன்றாகச் சாயும். அதே கல்லை நீளத் தென்னங்குற்றிக்குக் கீழே வைத்தால் சாய்வே கண்ணுக்குத் தெரியாது. இடைவெளி 7.2 அங்குலம் இருந்தால்தான் ஒரு கிளிக் கால் மினிட், அதாவது 100 யாரில் ஏறக்குறையக் கால் அங்குலம். கூடினால் கிளிக் சுருங்கும். மவுண்டை அளந்தீர்களா? நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து எழுதுங்கள். மறுகா பார்ப்போம்.

கேள்வி (லண்டன்): டார்கெட் ரைபிள் போட்டிக்கு எந்த ஸ்கோப் நல்லது?

பதில்: எதுவும் இல்லை. அந்த வகுப்பில் சிறு துளை வழியே பார்க்கும் துளைக்குறிதான், ஸ்கோப் பூட்டினால் வெளியே அனுப்புவார்கள். ஸ்கோப்தான் வேணுமென்றால் எஃப் கிளாஸ் போங்கள். அந்த ‘எஃப்’ கனடாக்காரர் ஜோர்ஜ் ஃபார்குவர்சனின் பெயரில் வந்தது. துளைக்குறியோடு மல்லுக்கட்ட முடியாத வயதான கண்களுக்கு அது பெரிய உதவி. .308 வைத்து எஃப்டிஆர் பிரிவில் அடிப்பதானால் ஸ்கோப், துவக்கை முன்னால் தாங்கும் இருகால் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவுக்குள் நிற்க வேண்டும். வீட்டிலேயே தராசில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (மெல்பேர்ன்): ஷார்ப்ஸ் 1874 மாதிரித் துவக்கு, .45-70 தோட்டா, கறுப்பு வெடிமருந்து. 20 மினிட் சாய்வுள்ள ரெயில் (ஸ்கோப்புக்குக் கீழே வரும் தட்டு) போட்டு நவீன ஸ்கோப் பூட்டினால் 1000 யார் எட்டுமா?

பதில்: எட்டாது. ஆனால் நல்ல கேள்வி. .308க்கு 100 யாரிலிருந்து 1000 யாருக்குப் போக 35, 40 மினிட் போதும். நவீன ஸ்கோப் மேலும் கீழுமாக மொத்தம் 60 மினிட் ஓடுது என்று வையுங்கள். நடுவிலிருந்து மேலே 30. ரெயில் 20 கொடுத்தால் 50 ஆச்சு, காரியம் முடிந்தது. உங்கள் ஈயக்கட்டி அப்படியில்லை. செக்கனுக்கு 1200 அடி வேகத்தில் கிளம்பி, மூன்று செக்கனுக்கு மேல் காற்றில் மிதந்து, இறங்கிக்கொண்டே போகும். அதற்கு 150 மினிட்டுக்கு மேல் வேணும். உங்கள் 20 மினிட் ரெயில் அதைத் தராது.

அதனால்தான் மவுண்டிலேயே சாயும் நீளக் குழாய் ஸ்கோப். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்யூசில் வில்லியம் மல்கம் 1855இல் ஸ்கோப் செய்யத் தொடங்கினார். இன்றைக்கும் முக்கால் அங்குலக் குழாயில் அந்த மாதிரியைச் செய்து விற்கிறார்கள். மவுண்ட் இடைவெளி 16 அங்குலம் என்றால், 150 மினிட்டுக்குப் பின்பக்கம் 0.7 அங்குலம் எழும்ப வேணும். மவுண்ட் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இந்த உயரத்தை, கண்ணாடியின் பெருமையை அல்ல.

இன்னொன்று, சொல்லிச் சொல்லி வாய் நொந்தது: பழைய மவுண்டில் சில, துவக்கு உதைக்கும்போது குழாயை வழுக்க விடும். துவக்கு பின்னால் வரும், ஸ்கோப் நின்ற இடத்தில் நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு அதைக் கையால் இழுத்து வைக்க வேணும். வழுக்குது என்று சிலர் வளையத்தை நெரித்து இறுக்குவார்கள். அடுத்த வெடியில் கண்புருவம் கிழியும். எனக்குக் கிழிந்தது. இடது புருவத்தில் இன்னும் ஒரு கீற்று மயிர் முளைக்கவில்லை. ஆமாம், நான் இடக்கைக்காரன்.

கேள்வி (சம்மாந்துறை): காக்கா, வயலுக்குப் பன்றி வருது. ஷொட்கனுக்கு ஸ்கோப் பூட்டலாமா?

பதில்: 40 யார் வேலைக்கு ஸ்கோப் எதுக்கு? துவக்கின் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு, பூட்டுவதற்கு முன்னால் பொலிசில் கேளுங்கள் தம்பி. இது காகிதத்தில் ஓட்டை போடுகிறவர்களின் இடம்.

கேள்வி (ஒஸ்லோ): ஸ்கோப்புக்குள் குறிக்குக் குறுக்குக் கம்பியா, புள்ளியா?

பதில்: அமெரிக்க நெடுந்தூர இலக்கில் கறுப்பு வட்டம் 44 அங்குலம், பத்துப் புள்ளி வளையம் 20. 1000 யாரில் ஒரு மினிட் பத்தரை அங்குலம். அரை மினிட் புள்ளி ஐந்தங்குலம் மறைக்கும், பரவாயில்லை. எட்டில் ஒரு மினிட் புள்ளி ஓரங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. கடையில் அழகாக இருக்கும், கறுப்பில் வைத்ததும் காணாமல் போகும். மெல்லிய கம்பிக்கும் இதே கதி. என் கண்ணுக்கு அரை மினிட் புள்ளி ஒத்துவந்தது.

எந்தப் புள்ளியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள். துவக்கை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். புள்ளி இலக்கின் மேல் நகர்ந்தால் அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி சரிசெய்யப்படவில்லை. குறி பிழைத்ததாக நினைத்து மூச்சை அடக்கிப் பழகுவதில் பயனில்லை.

கேள்வி (செட்டிபாளையம்): சேர், எங்கட அப்பா நில அளவையாளர். லெவல் கண்ணாடியில் கம்பி அறுந்தால் குசினி மூலையில் சிலந்தி பிடித்து நூல் எடுத்துப் பூட்டுவார். துவக்கு ஸ்கோப்பிலும் அப்படியா?

பதில்: ஆ, இதற்காகத்தான் காத்திருந்தேன்! ஆமாம், அதே நூல்தான். கண்ணாடியில் கோடு செதுக்கும் வேலை பரவலாகுமுன் சிலந்தி நூல்தான் ராசா. மெல்லியது, உறுதியானது, முறுக்கே இல்லை. அப்பா சிலந்தியைக் கவர்க்கம்பில் தொங்கவிட்டுச் சுற்றி எடுத்திருப்பாரே? பூட்டுமுன் நூலை ஈரப்படுத்தினாரா? மழைக்காலத்தில் தொய்யாமல் இருக்க அப்படிச் செய்வார்கள்.

கேள்வி (ஆரையம்பதி): நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். நீங்கள் சொல்வது பிழை. சிலந்தியின் இழுவை நூல் நனைந்தால் சுருங்கும். இரண்டு முனையையும் கட்டியிருந்தால் இறுகும். தொய்யாது.

பதில்: டீச்சர், சுருங்கும் என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அலுமாரி ஸ்கோப்பின் நூல் கார்த்திகை மழையில் வெறும் கண்ணுக்கே தெரியத் தொய்ந்து கிடந்தது.

கேள்வி (ஆரையம்பதி): அது நூலா, நூலை ஒட்டின பசையா? அரக்கு இளகினாலும் நூல் தொய்யும். ஈரத்தில் ஒட்டினவர்கள் சுருங்கின நூலை ஒட்டினார்கள், அதனால்தான் பிறகு மாறவில்லை. உங்கள் பழைய ஆட்கள் செய்தது சரி, சொன்ன காரணம் பிழை.

பதில்: (இதற்காக எழும்பிப் போய் ஸ்கோப்பைக் கழற்றினேன்.) ஒரு முனையில் அரக்கு வெடித்து, நூல் ஒரு மயிரிழை வழுக்கியிருக்கு. டீச்சருக்கு ஒரு புள்ளி. இரண்டாவது நூலைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

கேள்வி (செட்டிபாளையம்): அப்பாவிடம் கேட்டேன். ஈரப்படுத்தவில்லையாம், வாயால் ஊதினாராம்.

பதில்: மூச்சிலும் ஈரம்தானே. அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். எந்தச் சிலந்தி என்றும் கேளுங்கள், இங்கே மூலைக்கு மூலை ஆள் இருக்கு.

கேள்வி (பாரிஸ்): எத்தனை எக்ஸ் (மடங்கு) பெரிதாக்கும் ஸ்கோப் வாங்கலாம்?

பதில்: பகல் 12 மணிக்குக் கல்லடிப் பாலத்தில் நின்று தூரக்கரையைப் பாருங்கள். தென்னைகள் தண்ணீரில் நெளியும். 40 எக்ஸ் வாங்கினால் அந்த நெளிவும் 40 மடங்கு. மல்கம் மாதிரிகள் 6 எக்ஸில் வேலை செய்கின்றன.

கேள்வி (சூரிச்): 24 எக்ஸா, 32 எக்ஸா?

பதில்: மேலே பாலத்துக்குப் போங்கள்.

கேள்வி (பேர்மிங்ஹாம்): அண்ணே, எக்ஸ் எவ்வளவு...

பதில்: மவுண்டை அளந்தீர்களா?

கேள்வி (டொரொன்டோ): அண்ணே, அளந்தேன். 7.2 இல்லை, 9 அங்குலம். முந்தின ஆள் முன் மவுண்டை முன்னுக்குத் தள்ளி வேறு துளை போட்டிருக்கிறார்.

பதில்: அப்படியென்றால் உங்கள் கிளிக் கால் அல்ல, ஐந்தில் ஒன்று. 144 கிளிக்கில் நீங்கள் ஏறினது 28.8 மினிட்தான். 7.2 மினிட் குறைவு, 1000 யாரில் ஆறு அடிக்கு மேல். இலக்கே ஆறு அடி உயரம், நடுவிலிருந்து கீழ்விளிம்பு மூன்று அடி. மண் கிளம்பாமல் வேறென்ன செய்யும்? அடுத்த முறை 180 கிளிக். குறிப்புக் கொப்பியில் உள்ள பழைய எண்களை எல்லாம் வெட்டிவிடுங்கள், அந்தக் கிழவரின் எண்கள் உட்பட.