16-க்கு 5

கேள்வி: அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு 125 ஆண்டுக்கு மேலான வரலாறு உண்டாம். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் கல்லூரி அணியும் அந்தக் காலத்தில் மண்டலப் போட்டிகளில் பெரிய பெரிய அணிகளை ஓட ஓட விரட்டியதுதான். இன்று அதைச் சொல்ல நாதியில்லை. பணம் இருக்கிறவனுக்குத்தான் வரலாறு, இல்லையா?
– முன்னாள் ஆட்டக்காரர், மன்னார்குடி

பதில்: இல்லை.

1898-ல் ஜேம்ஸ் நைஸ்மித் கான்சாஸுக்கு வேலைக்குப் போனபோது அங்கே பணம் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஸ்னோ ஹால் என்ற கட்டடத்தின் அடித்தளத்தில்தான் ஆடினார்கள். வளையம் 10 அடியில், கூரை 14 அடியில். பந்தைக் கொஞ்சம் தூக்கிப் போட்டால் கூரை தட்டும். அது போதாதென்று ஆடுகளத்துக்குள்ளேயே கட்டடத்தைத் தாங்கும் தூண்கள். எதிராளியை ஏய்த்துவிட்டு ஓடினால் தூண் மறிக்கும். நம்மூர் ஓட்டு வீட்டுக் கூடத்தில் பந்து விளையாடி அடி வாங்கியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

1899 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ.வுடன் முதல் ஆட்டம். 16-க்கு 5 என்று தோற்றார்கள். அணியை நடத்திய நைஸ்மித் சாதாரண ஆள் இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே போய் ஆட முடியாத மாணவர்களுக்காக, பீச் பழக் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அடித்து இந்த ஆட்டத்தையே உண்டாக்கியவர். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. உங்கள் கல்லூரி வளையம் இன்றைக்கும் 10 அடியில் நிற்பது அதனால்தான். அப்படிப்பட்டவரின் கணக்கு கான்சாஸில் 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் பயிற்சியாளர்களில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்றவர் அவர் ஒருவர்தான்!

இந்தக் கணக்கை அவர்கள் மறைக்கவில்லை, அழிக்கவில்லை. வரலாற்றின் முதல் பக்கமே அதுதான். அப்புறம் அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் வந்தார், 590 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார், 1952-ல் தேசியப் பட்டம், மேலும் 1988, 2008, 2022 என்று கோப்பைகள். அதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது வேறு.

1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அங்கே படிக்க வந்தார். அணியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. நைஸ்மித்திடம் பாடம் மட்டும் கேட்டுக்கொண்டு போனவர், பிற்பாடு டென்னசியில் ஒரு கல்லூரி அணியைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், 1957 முதல் 1959 வரை, என்.ஏ.ஐ.ஏ. என்ற கல்லூரிகள் சங்கத்தின் தேசியப் பட்டம் வெல்ல வைத்தார். அவரை ஆடவிடாத கதையும் அதே வரலாற்றில் இருக்கிறது. நம் பக்கத்தில் எந்தத் தெருப் பையன் எந்த மைதானத்துக்குள் கால் வைக்க முடிந்தது, எவனால் முடியவில்லை என்பதை எந்தக் கல்லூரி மலராவது அச்சிட்டிருக்கிறதா? ‘இனிய நினைவுகள்’ என்று நாலு குரூப் போட்டோ போட்டதோடு சரி.

பணத்துக்கு வருகிறேன். நைஸ்மித் முதன்முதலில் எழுதிய 13 விதிகள் வெறும் இரண்டு தாள், டைப் அடித்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தது. 2010-ல் அது 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். தாள்கள் இப்போது அந்த வளாகத்தில்தான் இருக்கின்றன. யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தானே ஐயா விலை வந்தது?

நமக்கும் இந்த ஆட்டம் அதே பட்டறையிலிருந்துதான் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். அங்கே படித்து வெளியே வந்த பி.டி. மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். ஆக விதை ஒன்றுதான்.

நான் படித்த கல்லூரியும் டெல்டாவில்தான். பெயர் வேண்டாம். தை பிறந்தால் எங்கள் சிமென்ட் கோர்ட்டில் சம்பா நெல் காயும். ஃப்ரீ த்ரோ கோடு நெல்லுக்கு அடியில் போய்விடும். மூலையில் மிச்சமிருக்கும் இடத்தில் நாங்கள் பந்து தட்டுவோம். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போகும் ஆயா, பந்து நெல்லில் விழுந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கெஞ்சினால்தான் கிடைக்கும். உடம்பெல்லாம் சுணை அரிக்க அரிக்க ஆடியிருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நெல் காயத்தான் வேண்டும்.

வருத்தம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் அதே கல்லூரிக்குப் போய், நாங்கள் ஆடிய வருடத்து ஸ்கோர் ஷீட்டுகளைக் கேட்டேன். ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார்கள். காது உடைந்த கோப்பைகள் ஒரு சாக்கில் இருந்தன. எதிலும் வருடம் இல்லை. தாள்களெல்லாம் வெள்ளையடித்தபோது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டதாம். என்ன கிடைத்தது என்று கேட்டேன். எடைக்கு எடை ஏதோ கொடுத்தாராம், டீ செலவுக்கு ஆயிற்றாம்.

40 பக்க நோட்டு ஒன்று வாங்க முடியாத ஏழைக் கல்லூரி இந்த ஜில்லாவில் எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தையே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ‘அந்தக் காலத்தில்’ என்கிறீர்கள், எந்த வருடம் என்று இல்லை. ‘பெரிய பெரிய அணிகள்’ என்கிறீர்கள், ஒன்றின் பெயரும் இல்லை. ‘ஓட ஓட விரட்டினோம்’ என்கிறீர்கள், எத்தனைக்கு எத்தனை? கூட ஆடியவர்களில் இரண்டு பேராவது பக்கத்தில் இருப்பார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, நீங்கள் மோசமாகத் தோற்ற ஆட்டம் ஒன்றிலிருந்து ஆரம்பித்து எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.