கடலை இல்லாத கடலை மிட்டாய் சாத்தியமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. நிலக்கடலை அலர்ஜி என்று டாக்டர் உறுதிசெய்துவிட்டார். எங்கள் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஊருக்குப் போனால் மற்ற பிள்ளைகள் கடலை மிட்டாய் தின்ன, இவன் மட்டும் வேடிக்கை பார்க்கிறான். இதற்கு மாற்றாக வீட்டில் ஏதாவது செய்யலாமா? எள்ளுருண்டை, பொரி உருண்டை, முறுக்கு கொடுக்கலாமா? இனிப்பும் குறைவாக இருந்தால் நல்லது.

பதில்: 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிய மிட்டாய் ஊரில் இருந்துகொண்டு அதைத் தின்னாதே என்று பிள்ளையிடம் சொல்வது கஷ்டம்தான். மாற்று இருக்கிறது. ஆனால் கடலையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவது சுலபமான பாதி. அதே வாணலி, அதே எண்ணெய், அதே கடை என்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது.

முதலில் மிட்டாய். பூசணி விதை, சூரியகாந்தி விதை இரண்டும் கலந்து ஒரு கப் எடுத்து, வெடிக்கத் தொடங்கும்வரை சிறு தீயில் வறுங்கள். அரை கப் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகு காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் கண்ணாடி மாதிரி ‘டக்’கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் கொஞ்சம் காயட்டும். அவசரப்பட்டு இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். விதையைக் கொட்டிக் கிளறி, தேங்காய் எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, சூடு ஆறுமுன் கீறிவிடுங்கள். சுக்கும் ஏலக்காயும் சேர்த்தால் ஊர் மணம் வந்துவிடும். கடலையின் அந்தக் கொழுப்பு ருசி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘அதே மாதிரி’ என்று சொல்லிக் கொடுக்காமல் ‘விதை மிட்டாய்’ என்றே கொடுங்கள். ஒன்றுக்கொன்று குழம்பாமல் இருப்பது அவன் பாதுகாப்புக்கும் நல்லது.

எள்ளுருண்டையில் அவசரம் வேண்டாம். எள்ளும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத சில பிள்ளைகளுக்கு எள்ளும் ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளை முக்கிய ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் குறிப்பிடுவது கட்டாயம். நம் நாட்டு லேபிள் விதிகளில் நிலக்கடலை, பால், முட்டை, சோயா எல்லாம் இருக்கின்றன, எள் இல்லை. இதுவரை இட்லிப்பொடியிலோ நல்லெண்ணெயிலோ எள் சேர்ந்து அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்பதை டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

பொட்டுக்கடலை உருண்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சிபாரிசு செய்வார்கள். நிலக்கடலையும் பருப்புக் குடும்பம்தான். ஆனாலும் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு மற்ற பருப்புகள் ஒத்துக்கொள்கின்றன. உங்கள் மகன் கொண்டைக்கடலைச் சுண்டலும் பொட்டுக்கடலைச் சட்னியும் ஏற்கெனவே சாப்பிடுகிறான் என்றால் பொருளில் பயமில்லை. எங்கே வாங்குகிறீர்கள் என்பதைப் பாருங்கள். வறுகடலைக் கடையில் நிலக்கடலை, பொட்டுக்கடலை, பொரி மூன்றும் ஒரே சட்டி, ஒரே படி, ஒரே தராசு. கடைப் பொரி உருண்டையையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள். நிலக்கடலை கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இல்லாத பாக்கெட் பொரி வாங்கி, கார்த்திகைக்குச் செய்வது போல வீட்டிலேயே பிடியுங்கள். ஐந்து கப் பொரிக்கு ஒரு கப் வெல்லம் போதும்.

முறுக்கில் மாவு பிரச்சினை இல்லை, எண்ணெய்தான். சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அது தங்கிவிடும். நிலக்கடலை ஆட்டிய செக்கிலேயே எள்ளையும் தேங்காயையும் ஆட்டுவார்கள். ஆகவே அந்தச் செக்கின் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். வீட்டில் பாக்கெட் சூரியகாந்தி எண்ணெயில் சுடுங்கள், வேறெதையும் பொரித்த எண்ணெய் ஆகாது. (கோதுமை ஆகாத பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை: கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும். அரிசி முறுக்குதானே என்று நம்பி ஏமாறுகிற இடம் அது.)

இனிப்பு விஷயம். வெல்லம் சத்து, சர்க்கரை கெடுதல் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெல்லத்தில் இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு, ஆனால் பிள்ளை தின்னும் அளவில் அது பெரிதாக உதவாது. உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான். துண்டைச் சின்னதாக வெட்டுவதுதான் நிஜமான குறைப்பு. வெளிர் மஞ்சள் வெல்லத்தைவிடக் கருத்த வெல்லம் நல்லது. நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற சல்ஃபைட் வகை ரசாயனம் போடுவதுண்டு, அந்த சல்ஃபைட் ஆஸ்துமா உள்ள சில பிள்ளைகளுக்கு மூச்சிளைப்பைக் கிளப்பும்.

பூசணி விதையோ சூரியகாந்தி விதையோ அவன் இதுவரை சாப்பிட்டதில்லை என்றால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாள் காலையில், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரே விதையை, மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பாருங்கள். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிளைப்பு எது வந்தாலும் டாக்டர் சொல்லிவைத்த அவசர மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்புங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். ஊர்த் திருவிழாவில் இருபது பிள்ளைகளுக்கு நடுவே முதல் தடவை கொடுத்துப் பார்க்க வேண்டாம்.