பிரிண்ட்எஃப்-இல் பிடிபடும் தவறு, நான் எழுதிய லாக் ஃபங்ஷனில் கம்பைலரிடம் ஏன் பிடிபடுவதில்லை?

சி மொழியின் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப் அழைப்பில், முழு எண்ணைக் குறிக்கும் %டி என்று எழுதிவிட்டு ஒரு சரத்தைக் கொடுத்தால் ஜிசிசி கம்பைலர் உடனே எச்சரிக்கிறது என்றும், அதே தவறை, செய்திகளைப் பதிவு செய்ய நீங்களே எழுதிய லாக் ஃபங்ஷனில் செய்தால் ஒன்றும் சொல்லாமல் கம்பைல் செய்துவிடுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். %டி போன்ற குறியீடுகள் அடங்கிய ஃபார்மட் சரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சி மொழியின் தரநிலை எந்தக் கம்பைலரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பிரிண்ட்எஃப், ஸ்கேன்எஃப் போன்ற நூலக ஃபங்ஷன்களின் பெயர்களையும் அவற்றின் ஃபார்மட் விதிகளையும் ஜிசிசியை உருவாக்கியவர்கள் அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஃபங்ஷன் அந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான் காரணம்.

முதலில், மொழி ஏன் இதைக் கண்டுகொள்வதில்லை என்று பார்ப்போம். அறிவிப்பில் மூன்று புள்ளிகள் இட்ட ஃபங்ஷனுக்கு, அந்தப் புள்ளிகளின் இடத்தில் எந்தத் தரவு வகையையும் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். கேர், ஷார்ட் ஆகியவை இன்ட் ஆகவும், ஃப்ளோட் டபுள் ஆகவும் மாற்றப்படுவதைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை. என்ன வகை அனுப்பப்பட்டது என்ற தகவலும் உடன் செல்வதில்லை. அழைக்கப்பட்ட ஃபங்ஷன் ஃபார்மட் சரத்தை மட்டும் நம்பி மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது. சரமும் மதிப்புகளும் பொருந்தாவிட்டால் விளைவு வரையறுக்கப்படாதது என்று தரநிலை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

வரையறுக்கப்படாதது என்பதன் பொருள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் லினக்ஸ் பின்பற்றும் அழைப்பு மரபில் முழு எண்கள் பொது ரெஜிஸ்டர்கள் (செயலியின் உள்ளிருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) வழியாகவும் டபுள் எண்கள் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்கள் வழியாகவும் செல்கின்றன. ஆகவே %டி என்று எழுதி 3.5 கொடுத்தால், 3.5 எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டரிலேயே இருக்க, பிரிண்ட்எஃப் பொது ரெஜிஸ்டர் ஒன்றில் வேறு ஏதோ வேலை விட்டுச்சென்ற எண்ணை எடுத்து அச்சிடும். %டி-க்கு 64 பிட் லாங் வகை எண்ணைக் கொடுப்பது இன்னும் மோசம் என்பேன். ஏனென்றால் கீழ் 32 பிட்டுகள் சரியாகவே அச்சாகும், 2147483647-ஐத் தாண்டும் நாள் வரை யாருக்கும் சந்தேகமே வராது.

கம்பைலர் செய்யும் சோதனை எளிமையானது. ஃபார்மட் சரம் மேற்கோள் குறிகளுக்குள் நேரடியாக எழுதப்பட்டிருந்தால், அதைக் கம்பைல் செய்யும்போதே படித்து, ஒவ்வொரு சதவீதக் குறியீட்டையும் அதற்குரிய மதிப்பின் வகையோடு ஒப்பிடுகிறது. ஜிசிசியில் இதற்கான தெரிவு -டபிள்யூஃபார்மட். -டபிள்யூஆல் கொடுத்தால் அதுவும் சேர்ந்தே வரும். கிளாங் கம்பைலரில் இது இயல்பாகவே இயங்குகிறது.

உங்கள் ஃபங்ஷனுக்கும் இதைப் பெற, அதன் அறிவிப்பில் __ஆட்ரிபியூட்__((ஃபார்மட்(பிரிண்ட்எஃப், 2, 3))) என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது ஆர்குமெண்ட் ஃபார்மட் சரம், மூன்றாவதிலிருந்து சோதிக்க வேண்டும் என்பது அந்த எண்களின் பொருள். மதிப்புகளைத் தனித்தனியாக அல்லாமல் விஏ_லிஸ்ட் என்ற ஒரே பட்டியலாக வாங்கும் ஃபங்ஷனாக இருந்தால் கடைசி எண்ணைச் சுழியமாகக் கொடுங்கள். அப்போது சரம் மட்டும் சோதிக்கப்படும். சி++ வகுப்புக்குள் இருக்கும் சாதாரண உறுப்பு ஃபங்ஷன்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத திஸ் பாயிண்டர் முதல் ஆர்குமெண்டாகக் கணக்கிடப்படுவதால் எண்களை ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். பலரும் தடுமாறும் இடம் இது. வேறு கம்பைலர்களிலும் நிரல் கம்பைல் ஆக வேண்டுமென்றால் இந்தக் குறிப்பை ஒரு மேக்ரோவுக்குள் வைத்துவிடலாம். இத்தகைய குறிப்பு தேவைப்படக்கூடிய ஃபங்ஷன்களை -டபிள்யூமிஸ்ஸிங்-ஃபார்மட்-ஆட்ரிபியூட் என்ற தெரிவு சுட்டிக்காட்டும்.

பழைய நிரலில் இதைச் சேர்த்ததும் எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டும். பெரும்பாலானவை அளவுகளைக் குறிக்கும் சைஸ்_டி வகை மதிப்பை %டி கொண்டு அச்சிடுவதாகவோ, 64 பிட் முழு எண்ணை %எல்டி கொண்டு அச்சிடுவதாகவோ இருக்கும். முன்னதற்கு %இசட்யூ உண்டு. பின்னதற்கு இன்ட்டைப்ஸ் தலைப்புக் கோப்பிலுள்ள பிஆர்ஐடி64 மேக்ரோ உண்டு. இரண்டும் சி99 தரநிலையிலேயே வந்துவிட்டன. மதிப்பை இன்ட் ஆகக் காஸ்ட் செய்து எச்சரிக்கையின் வாயை மூடுவது மட்டும் வேண்டாம்.

உங்கள் லாக் ஃபங்ஷனுக்குச் சொந்தக் குறியீடுகள் வேண்டுமென்று தோன்றினால், லினக்ஸ் கெர்னல் செய்திருப்பதைப் பாருங்கள். அதன் செய்தி அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்கே ஐபி முகவரியை அச்சிட %பிஐ4 என்றும், மேக் முகவரிக்கு %பிஎம் என்றும் நீட்டிப்புகளை வைத்திருக்கிறது. கம்பைலருக்கு அது பாயிண்டரைக் குறிக்கும் வெறும் %பி, அதன்பின் வருவது சாதாரண எழுத்து. எனவே பாயிண்டர் கொடுக்கப்பட்டதா என்ற அளவுக்குச் சோதனை தொடர்ந்து வேலை செய்கிறது. அது எதைச் சுட்டும் பாயிண்டர் என்பது மட்டும் சோதனைக்கு எட்டாது. எனக்கு மிகவும் பிடித்த சமரசங்களில் ஒன்று இது.

ஃபார்மட் சரம் ஒரு மாறியிலிருந்து வந்தால் கம்பைலருக்குப் படிக்க எதுவும் இல்லை. வெளியாரிடமிருந்து வந்த உரையைப் பிரிண்ட்எஃப்-இன் முதல் ஆர்குமெண்டாக அப்படியே கொடுப்பது பாதுகாப்பு ஓட்டை. காரணம், %என் குறியீடு அதுவரை அச்சான எழுத்துகளின் எண்ணிக்கையை நினைவகத்தில் எழுதக்கூடியது. 2000-ஆம் ஆண்டில் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்றச் சேவையகத்தின் சைட் எக்ஸெக் கட்டளையில் இருந்த இத்தகைய பிழை, தொலைவிலிருந்தே ரூட் என்னும் முழு நிர்வாகி அதிகாரத்தைப் பறிக்க வழிவிட்டது. -டபிள்யூஃபார்மட்-செக்யூரிட்டி இந்த வடிவத்தை எச்சரிக்கும். லினக்ஸ் வழங்கலான டெபியன் தன் பொதிகளை உருவாக்கும்போது இதைப் பிழையாகவே கருதி நிறுத்திவிடுகிறது. -டபிள்யூஃபார்மட்=2 கொடுத்தால், நேரடியாக எழுதப்படாத எல்லாச் சரங்களுக்கும் எச்சரிக்கை வரும்.

எல்லாச் சரங்களுக்கும் என்றேன். ஒரு விலக்கு உண்டு. மதிப்புகளை விஏ_லிஸ்ட் ஆக வாங்கும் விஎஃப்பிரிண்ட்எஃப் போன்றவற்றுக்கு அந்த எச்சரிக்கை வராது. இல்லாவிட்டால் ஒவ்வொரு லாக் ஃபங்ஷனின் உள்ளேயும் அது வரும். 2012-இல், நிர்வாகி அதிகாரத்துடன் கட்டளைகளை இயக்க உதவும் சூடோ நிரலில் வெளிப்பட்ட ஓட்டை துல்லியமாக இந்த இடைவெளியில் இருந்தது. அதன் டீபக் ஃபங்ஷன், நிரலின் பெயரை முன்னால் ஒட்டிப் புதிய ஃபார்மட் சரம் ஒன்றைத் தயாரித்து விஎஃப்பிரிண்ட்எஃப்-க்குக் கொடுத்தது. நிரலின் பெயரைத் தீர்மானிப்பது அதை இயக்குபவர். பெயருக்குள் சதவீதக் குறிகள் இருந்தால் அவையும் ஃபார்மட்டாகவே படிக்கப்பட்டன. அழைக்கும் இடங்களில் எவ்வளவு கறாராகச் சோதித்தாலும் இது பிடிபடாது. உங்கள் லாக் ஃபங்ஷன் நேரத்தையோ பெயரையோ முன்னால் சேர்க்கிறதென்றால், அதை ஃபார்மட் சரத்தோடு ஒட்டாமல் தனி அழைப்பில் அச்சிடுங்கள்.

செய்திகளைத் தமிழில் காட்டும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். செய்திகளை மொழிபெயர்த்துத் தரும் நூலகமான கெட்டெக்ஸ்ட் வழியாகச் சரம் சென்றாலும் ஜிசிசி மூலச் சரத்தைச் சோதிக்கிறது, ஆனால் இயங்கும்போது பயன்படுவது மொழிபெயர்ப்புக் கோப்பிலுள்ள சரம். ஆங்கில மூலத்தில் கோப்புகளின் எண்ணிக்கை முதலிலும் அடைவின் பெயர் பிறகும் வரும். தமிழில் ‘%எஸ் அடைவில் %டி கோப்புகள்’ என்றுதான் இயல்பாக வரும். அப்படியே எழுதினால் எண்ணிக்கையை நினைவக முகவரியாக எடுத்துக்கொண்டு, தமிழ் இடைமுகத்தில் மட்டும் நிரல் சரிந்து விழக்கூடும். ‘%2$எஸ் அடைவில் %1$டி கோப்புகள்’ என்று வரிசை எண்ணோடு எழுத வேண்டும். இந்தத் தவறைக் கம்பைலர் பார்க்கவே முடியாது; மொழிபெயர்ப்புக் கோப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியை --செக்-ஃபார்மட் தெரிவுடன் இயக்கினால் அது பிடித்துவிடும், ஆகையால் அதையும் உங்கள் மேக்ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.